அருகே வந்தவர் அறியும் மணம்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எமது நெடுநாள் நண்பர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு எம் இல்லத்துக்கு வந்தார். படலை திறக்கும் ஓசை எம் செவிக்கு எட்டுமுன்னரே, அவர்களுடன் வந்த வாசனை எம் நாசிக்கு எட்டிவிட்டது. பிள்ளைக்கு ஒரு கந்தோரில் உத்தியோகம் கிடைத்து மூன்று மாதங்களே ஆகின்றன. முதற் சம்பளத்தில் தாயாருக்கு ஒரு சேலையும், தந்தையாருக்கு ஒரு சால்வையும், தனக்கென ஒரு வாசனைப் போத்தலும் வாங்கினானாம். சேலையாலும் சால்வையாலும் வராத வழக்கு, போத்தலால் வந்துவிட்டது.

"நீரே ஒரு நியாயம் சொல்லும். ஆம்பிளைப் பிள்ளைக்கு வாசனை எதற்கு?" என்றார் நண்பர்.

"மாமா, வியர்வை நாற்றத்துடன் மற்றவர்கள் பக்கத்தில் இருந்து வேலை செய்வது மட்டும் மரியாதையா?" என்றான் பிள்ளை.

இருவரையும் அமரச் செய்து, தேநீர் வருவித்து, நாம் அறிந்த சிலவற்றைச் சொன்னோம். எமது வாசகர்களுக்கும், சிறப்பாக இவ்வாண்டு உத்தியோகம் தேடிப் புறப்படும் மாணவர்களுக்கும், அவை பயன்படக்கூடும்.

ஆடவர்க்கு மணம் ஆகாது என்பது எம்மவர் வழக்கமன்று. கோவிலிற் சந்தனம் பூசிக்கொள்ளும் ஆடவர் எத்தனை பேர்! கலியாண வீட்டு வாயிலிற் பன்னீர் தெளிக்கும்போது ஆண், பெண் என்று பார்ப்பாருமுண்டோ? ஆகவே நண்பரின் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டல் வேண்டும். நாள்தோறும் தொழிலுக்குச் செல்லும் ஓர் ஆடவன், எவருக்கும் இடையூறின்றி அணியத்தக்க மணம் யாது? மேல்நாட்டார் இக்கேள்விக்கு நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவரும் விடைகளுள் ஒன்று, லவெண்டரும் மரமும் கலந்த மென்மணம்.

லவெண்டர் என்பது மத்தியதரைக் கடற்பகுதிக்கு உரிய சிறு புதர்ச்செடி. கழுவுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது என்பர். பிரான்சின் தென்பகுதியாகிய புரொவான்சிலே மலைச்சாரல்களில் அது பயிராகின்றது. பூங்கதிர்களை அறுத்து நீராவியால் வடித்தால் எண்ணெய் கிடைக்கும். தாழ்ந்த நிலங்களில் விளையும் லவெண்டின் என்னும் கலப்பினம் மிகுதியான எண்ணெய் தருமாயினும், அதிற் கற்பூர நெடி கூடுதலாக உண்டு. சவர்க்காரங்களிலும் சலவைப் பொருள்களிலும் பெரும்பாலும் சேர்வது அதுவே. ஒரே பெயருடன் விற்கும் இரு போத்தல்களில் ஒன்று இதமாகவும் மற்றையது மருந்துபோலவும் மணப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

லவெண்டரை ஆடவர்க்குரிய மணமாக நிலைநிறுத்தியதிற் பெரும்பங்கு 1882ஆம் ஆண்டுக்கு உரியது. அவ்வாண்டிற் பாரிஸ் நகரத்து ஊபிகான் நிறுவனத்தில், போல் பார்க்கே என்பவர் 'ஃபூஜேர் றோயால்' என்னும் கலவையை ஆக்கினார். அரச பன்னம் என்பது அதன் பொருள். பன்னச் செடிகளுக்கோ பெரும்பாலும் சொல்லத்தக்க மணம் இல்லை. ஆகவே இல்லாத ஒரு மணத்தைக் கற்பனையில் எழுப்பிய வேலை அது. லவெண்டர், ஓக் மரத்தில் வளரும் இலைக்கன், கூமரின் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். கூமரின் என்பது தொங்கா விதையில் இயற்கையாக உள்ள பொருள்; அறுத்து உலர்த்திய புல்லின் இனிய மணமுடையது. அதனை 1868ஆம் ஆண்டில் ஆய்வுகூடத்திலே ஆக்கிக் காட்டியவர், ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி பேர்க்கின். அக்கலவையின் வழிவந்தவை இன்று ஒரு தனிக் குலமாகவே விளங்குகின்றன. சலூனில் முகம் வழித்தபின் எழும் அந்தப் பழகிய மணம் பெரும்பாலும் இக்குலத்தைச் சேர்ந்ததே. 1934ஆம் ஆண்டிற் கரோன் நிறுவனம் லவெண்டரையும் வனிலாவையும் இணைத்து, 'ஓர் ஆடவனுக்காக' என்று பொருள்படும் பெயரிலேயே ஒரு வாசனையை வெளியிட்டது.

இனி மரத்துக்கு வருவோம். பென்சிலைச் சீவும்போது எழும் மணத்தை அறியாத மாணவர் உளரோ? நெடுங்காலமாகப் பென்சிலுக்கு உகந்த மரமாகக் கொள்ளப்பட்டது வர்ஜீனியா செடார். அதன் எண்ணெயே இத்தகைய கலவைகளுக்கு உலர்ந்த மரமணத்தை ஊட்டுவனவற்றுள் ஒன்று. அதனோடு அடிக்கடி சேர்வது வெட்டிவேர். மரமன்று, புல்லின் வேர். ஆயினும் வாசனைக் கலைஞர் அதனை மரமணங்களோடேயே வைத்து எண்ணுவர். பிரெஞ்சுக்காரர் 'வெத்திவேர்' என்று அழைக்கும் அப்பெயர் எமது தமிழிலிருந்து சென்றதே. எம் பாட்டிமார் தண்ணீர்ப் பானையிலிட்ட வேர், இன்று ஹெயிட்டி நாட்டிலே பெருமளவில் விளைந்து, பாரிஸ் வழியாகப் போத்தலில் அடைபட்டு, பிள்ளையின் சட்டைக்குத் திரும்பி வருகின்றது.

லவெண்டருக்கு ஏன் மரத்துணை வேண்டும்? லவெண்டரின் மணப்பொருள்களுள் முதன்மையான லினலோலின் மூலக்கூறிற் காபன் அணுக்கள் 10. வெட்டிவேர் எண்ணெயின் முக்கிய பொருள்களிலோ அவை 15. இலேசானது விரைந்து பறக்கும். கனமானது தங்கி நிற்கும். காலையில் முந்தி எழுவது பூ. மாலைவரை எஞ்சுவது வேரும் மரமும். நல்ல கலவையில் ஒன்று மற்றொன்றிடம் ஓசையின்றிப் பொறுப்பை ஒப்படைக்கின்றது.

இவ்வளவும் கேட்ட பிள்ளை, "அப்படியானால் மாமா, நான் வாங்கியது தவறான போத்தலா?" என்றான். போத்தலைவிட அளவே பெரிய பிழை என்றோம். மனிதரின் மூக்குக்கு ஓர் இயல்புண்டு. ஒரே மணம் தொடர்ந்து தாக்கினால், சில நிமிடங்களிலேயே அது அம்மணத்துக்குப் பழகி, உணர்வதைக் குறைத்துக்கொள்ளும். பூசியவன், மணம் போய்விட்டது என்று எண்ணி மீண்டும் பூசுவான். பேருந்தில் அவன் பக்கத்தில் இருப்பவரோ யன்னலைத் திறப்பார். தன் மணத்தைத் தானே அளக்க எவராலும் இயலாது.

அப்பொழுதுதான் நண்பர், அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். பிள்ளையின் தாயாருக்குத் தொய்வு நோய் உண்டு. அது மகனும் அறிந்ததே. அவன் அறியாதது மற்றொன்று. அறைக்குள் நின்று அவன் வாசனை தெளித்துக்கொண்டு புறப்பட்டபின், அந்த அம்மையார் மூச்சு வாங்க முடியாமற் கொல்லைப்புறத் திண்ணையிற் போய் அமர்ந்திருப்பாராம். மகன் தன் முதற் சம்பளத்தில் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் என்று, அவனிடம் சொல்லவேண்டாம் எனக் கணவரையும் தடுத்துவிட்டாராம். உண்மைக் காரணத்தைச் சொல்ல இயலாத நண்பர், ஆம்பிளைப் பிள்ளைக்கு வாசனை எதற்கு என்று வேறொரு சண்டையைப் பிடித்திருக்கிறார்.

பிள்ளை தலை நிமிரவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

ஆதலின் அன்று நாம் அவனுக்குச் சொன்னவற்றை இங்கும் சொல்லிவைக்கின்றோம். வாசனை குளியலுக்கு ஈடாகாது. குளித்து, ஈரம் துவட்டிய உடலுக்கே அது உரியது. ஒரு தெளிப்புப் போதும், அதுவும் சட்டைக்கு உட்பட்ட மார்பில். எமது வெப்பத்தில் எந்த மணமும் விரைந்து விரியும் என்பதை மறத்தலாகாது. கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் நிற்பவர் அதனை அறியாதிருத்தல் வேண்டும். அளவு சரியோ என்று வீட்டார் ஒருவரைக் கேட்டறிதல் நன்று. நோயாளரைப் பார்க்கச் செல்லும் நாளில் எதுவும் வேண்டா. பூவிலிருந்து வந்ததாதலின் லவெண்டர் தீங்கற்றது என்று எண்ணுதலும் பிழை. தொய்வுள்ளவர்களுட் சிலருக்கு மென்மணமும் துன்பம் தரும். காற்றுப் பட்டுப் பழுதான லினலோல் சிலரது தோலிலே ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே போத்தலை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

சென்ற வாரம் நண்பர் தனியாக வந்தார். அந்தப் பெரிய போத்தலைப் பிள்ளை கந்தோர்த் தோழன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டானாம். இப்போதுள்ளது ஒரு சிறிய லவெண்டர்ப் போத்தல். அது வீட்டுக்குள்ளே இல்லை. முற்றத்துச் சைக்கிள் கொட்டிலில், நிழலான ஒரு தட்டில் இருக்கின்றது. காலையிற் படலைக்கு வெளியே நின்று ஒரு தெளிப்பு. மாலையில் கிணற்றடியிற் குளித்து உடை மாற்றிய பின்னரே தாயாரிடம் செல்கின்றானாம். தாயாரும் திண்ணைக்குப் போவதில்லை.

"நல்ல பிள்ளை" என்றோம்.

"நல்ல பிள்ளைதான். ஆனாலும் ஆம்பிளைக்கு வாசனை எதற்கு என்பதே இன்றைக்கும் என் கட்சி" என்று சொல்லியபடி, நண்பர் வெற்றிலைத் தட்டை எடுக்க எம் பக்கமாகக் குனிந்தார். அவரது புதுச் சால்வையின் அடியிலிருந்து, மிக மெல்லியதாய், லவெண்டரும் வெட்டிவேரும் மணந்தன.

நாம் ஒன்றும் கேட்கவில்லை; பாக்கு வெட்டியை எடுத்துக் கொடுத்தோம்.