அக்னிவீரர் குடும்பத்துக்கும் ஓய்வூதியம் வேண்டும்

நான்காண்டுப் பணிக்காகப் படையில் சேர்ந்து போரில் உயிரிழக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்கும், நிரந்தரப் படைவீரரின் குடும்பத்துக்கு உள்ளதைப் போலவே ஓய்வூதியம் வழங்கப்பட வேண்டும். 2025 மே மாதம் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் பாகிஸ்தானின் பீரங்கித் தாக்குதலுக்குப் பலியான ஆந்திர அக்னிவீரரின் தாய், இதைக் கேட்டுத்தான் மும்பை உயர் நீதிமன்றத்தின் படியேறியிருக்கிறார். காப்பீடு 48 லட்சம், கருணைத்தொகை 44 லட்சம் ரூபாய் கிடைக்கிறதே, நான்காண்டுப் பணி என்று தெரிந்துதானே சேர்ந்தார்கள் என்கிறது மறுதரப்பு. குறுகியது பணிக்காலம்தான், ஆபத்து அல்ல. ஒரே பதுங்குகுழியில் தோளோடு தோள் நின்ற இருவர்மீது ஒரே குண்டு விழுந்தால், ஒருவர் வீட்டுக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. இன்னொருவர் வீட்டில் ஒருமுறை தரும் பணத்தோடு கணக்கு முடிகிறது. கடனும் வைத்தியச் செலவும் அதைக் கரைத்துவிடும். பிள்ளையின் சம்பளத்தை நம்பியிருந்த பெற்றோரின் முதுமையோ நீளும். நாடாளுமன்ற நிலைக்குழுவே சமமான பலன்களைப் பரிந்துரைத்த பிறகும் என்ன தயக்கம்? தீர்ப்புக்குக் காத்திராமல், 2022இல் இந்த நான்காண்டுப் பணித் திட்டம் தொடங்கியது முதல் களத்தில் உயிர்நீத்த அக்னிவீரர்கள் அனைவரின் குடும்பங்களுக்கும் பொருந்தும்படி மத்திய அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும்.