ஆஃபர் லெட்டர் கையில்... சேரும் தேதி எங்கே?



கேம்பஸ்ல செலக்ட் ஆனதுக்கு வீட்டுல கேசரி கிண்டி வருஷம் ஆச்சு. "எப்பப்பா ஜாயினிங்?"னு கேட்கிற சொந்தக்காரங்களுக்கு இன்னும் பதில் இல்லை. நம்ம தெருவுக்கு ஒரு இன்ஜினியர் இப்படி இருக்கான்.

2022இல் தேர்வான சுமார் 2,000 பேரை இன்ஃபோசிஸ் இரண்டு வருஷம் வரை காக்க வைத்ததாக, 2024 ஆகஸ்டில் நைட்ஸ் என்ற ஐடி ஊழியர் அமைப்பு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்தது. அப்புறம்தான் சேர்த்தாங்க. 2025 பிப்ரவரியில் மைசூரு பயிற்சி மையத்திலிருந்து 300க்கும் மேற்பட்டோர் வெளியே! மூணு வாய்ப்பிலும் தேர்வில் பாஸ் ஆகலையாம். இரண்டு வருஷம் காக்க வெச்சவங்களுக்கு மட்டும் எந்தப் பரீட்சையும் கிடையாது. 2023இல் விப்ரோ, 6.5 லட்சம்னு ஆஃபர் கொடுத்தவங்ககிட்டயே 3.5 லட்சத்துக்கு வர்றீங்களான்னு கேட்டது.

"வேற கம்பெனி பார்க்க வேண்டியதுதானே?" எப்படிங்க பார்க்கிறது? பல கல்லூரிகளில் ஒரு ஆஃபர் வந்துட்டா அடுத்த டிரைவ்ல உட்கார விடமாட்டாங்க. ஆஃப் கேம்பஸ் போனா "இந்த வருஷ பேட்ச் மட்டும்". அதையும் தாண்டிப் போனா "ஏன் கேப்?"னு கேள்வி. கல்விக்கடன் தவணையோ படிப்பு முடிஞ்சு பொதுவா ஒரு வருஷத்துல ஆரம்பிச்சிடும். ஜாயினிங் தள்ளிப்போச்சுன்னா பேங்க் தள்ளிப்போடுமா? அப்பாதான் கட்டணும்.

நாம பாதியில விலகினா பாண்ட் பணம் கேட்கிற நிறுவனங்கள் நிறைய. அவங்க இழுத்தடிச்சா ஒரு பைசா கிடையாது.

2025 நவம்பர் 21 முதல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கு. நல்லதுதான். ஆனா அது வேலையில் சேர்ந்தவருக்கு. ஆஃபர் லெட்டருக்கும் முதல் நாளுக்கும் நடுவுல நிற்கிறவன் மாணவனும் இல்லை, தொழிலாளியும் இல்லை.

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கு, மாநிலமும் சட்டம் கொண்டுவரலாம். ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி இருக்கணும். தேதி தாண்டினா மாதாமாதம் இழப்பீடு தரணும். ஜாயின் பண்ற வரைக்கும் அடுத்த டிரைவுக்குக் கல்லூரி விடணும். கடைசிக் கோரிக்கைக்குச் சட்டம்கூட வேண்டாம், பல்கலைக்கழகம் மனசு வெச்சா ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆறு மாசத்துக்கு மேல காத்திருக்கிறவங்க ஆஃபர் லெட்டர், கம்பெனி மெயில் எதையும் அழிக்காதீங்க. உங்க மாவட்ட ஐடி அணி நிர்வாகிகிட்ட ஒரு நகல் கொடுங்க. மொத்தமா திரட்டி தொழிலாளர் துறையில் மனு கொடுக்கப் போறோம்.

- தகவல் தொழில்நுட்ப அணி