அடுத்த எண் எது, தோழர்களே?

சண்டி 11 நினைவிருக்கிறதா? பழைய கோயில் இடிபாட்டை மலாய்க்காரர்கள் சண்டி என்பார்கள். கெடா மாநிலம், பூஜாங் பள்ளத்தாக்கு, சுங்கை பத்து. சுமார் 1,200 ஆண்டு பழமையானது என்று சொல்லப்பட்ட ஒரு கோயிலின் அடித்தளம் அங்கே இருந்தது. வீட்டு மனைக்காக நிலத்தைச் சமன் செய்த இயந்திரங்கள் அதையும் சேர்த்து வாரிவிட்டன. 2013 டிசம்பர் தொடக்கத்தில் பூஜாங் ஆய்வாளர் டத்தோ வீ. நடராஜனும் அன்றைய பினாங்கு இரண்டாம் துணை முதல்வர் பேராசிரியர் ப. இராமசாமியும் அதை ஊரறியச் சொன்னபோது, நம்மில் பலருக்கு அப்படியொரு கோயில் இருந்ததே அன்றுதான் தெரியும். எனக்கும் அன்றுதான் தெரியும். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இயந்திரத்தை ஓட்டியவரைத் திட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் சண்டி 11 விழுந்தது இயந்திரத்தால் மட்டும் இல்லை. 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், மனைவி டோரத்தியோடு அந்தப் பள்ளத்தாக்கைத் தோண்டிப் பார்த்து, கண்ட இடத்துக்கெல்லாம் ஓர் எண் கொடுத்தார். அந்த எண்ணே அதற்குப் பெயராக நின்றுவிட்டது. முக்கால் நூற்றாண்டாகப் புத்தகத்தில் இருந்த எண், அரசிதழில் ஏறவே இல்லை. நிலம் தனியாருடையது. நில விவகாரம் மாநிலத்தின் கையில். தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005 கூட்டரசின் கையில். இரண்டு மேசைக்கும் நடுவே அந்தக் கோயில் விழுந்தது. அதைப் பதிவு செய்யச் சொல்லி அதற்கு முன்னால் நம்மில் எத்தனை பேர் ஒரு கடிதம் போட்டோம்? நான் போடவில்லை.

பதிவில்லாத மேடுகள் இன்னும் இருக்கின்றன. சுங்கை பட்டாணி நகரம் வடக்கே வளர்ந்துகொண்டே போகிறது. வயது முதிர்ந்த செம்பனையைத் தள்ளிவிட்டு மறுநடவு செய்யும் ஒவ்வொரு முறையும் மண் ஆழத்துக்குப் புரட்டப்படுகிறது. அவசரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதுவரை போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் மேட்டில் ஏறினால் புக்கிட் பத்து பாஹாட் சண்டி நிற்கிறது. பக்கத்தில் பாறை மேல் ஓடை சலசலத்து இறங்கும். 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் தலைமையில் தோண்டி, விழுந்து கிடந்த கற்களை இருந்தபடி அடுக்கி நிறுத்தினார்கள். விமானம் எழுந்த அடித்தளம், அதற்கு முன்னே மண்டபம். மண்டபத்தில் தூண்பீடக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு குழி. மரத்தூண் நின்ற குழி அது. தூணும் கூரையும் எந்தக் காலத்திலோ மக்கிப் போயின. போன முறை நான் போனபோது முந்திய நாள் மழைத்தண்ணீர் ஒரு குழியில் தேங்கியிருந்தது. விரலை விட்டுத் தடவினேன். தண்ணீருக்கு அடியில் உளிக் கொத்து விரல் நுனியில் பட்டது. கொத்தியவன் தமிழனா, மலாய்க்காரனா, மோன் இனத்தவனா, யார் என்று எனக்குத் தெரியாது. வேலை தெரிந்தவன். அது போதும்.

அந்த அடித்தளத்துக்குள்ளிருந்து கற்பெட்டிகள் எடுத்தார்கள். நடுவில் ஒன்று, சுற்றி எட்டு என்று ஒன்பது குழிகள். அவற்றில் வைத்து மூடிய மணியும் உலோகமும். கோயில் எழும்பும் முன் கர்ப்பநியாசம் வைக்கும் வழக்கத்தை அறிந்த நம் ஸ்தபதிகளிடம் அந்தப் பெட்டியின் படத்தைக் காட்டிப் பாருங்கள். விளக்கம் கேட்க மாட்டார்கள்.

சுங்கை பத்துவில் 2009 முதல் நம் பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்துத் தொல்லியலார் தோண்டி வருகிறார்கள். நாம் நாள்தோறும் கடந்து போகும் குளுகோரில் இருப்பவர்கள்தான். செம்பனைக்கு அடியில் இரும்பு உருக்கிய உலைகள், படகுத்துறை, வட்ட அடித்தளத்தின் மேல் செங்கலால் எழுப்பிய வழிபாட்டு மேடை என்று வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே ஒரு மாணவர் என் கையில் ஊதுகுழாய்த் துண்டு ஒன்றைக் கொடுத்தார். துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்தும் சுடுமண் குழாய். ஒரு நுனி வெறும் மண். மறுநுனி நெருப்பில் உருகிக் கறுத்து, கண்ணாடிபோல் மினுங்கியது. துளைக்குள் என் கட்டைவிரல் அளவாக நுழைந்தது. இப்படிப்பட்ட துண்டுகள் அங்கே குவியல் குவியலாகக் கிடந்திருக்கின்றன. எவ்வளவு இரும்பு உருகியிருந்தால் இவ்வளவு குழாய் வேண்டியிருக்கும்! உலைகளின் தொடக்க காலம் கிறிஸ்துவுக்கு முன்னா பின்னா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். நாம் ஆண்டைக் கூட்டிச் சொல்லிப் பெருமை தேட வேண்டாம். மிகையாக ஒரு சொல் சொன்னால், உண்மையான நூறு சொல்லையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"அது கெடா, நாம் பினாங்கு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தோழரே, 1786இல் இந்தத் தீவும் 1800இல் அக்கரைச் செபராங் பிறையும் பிரிட்டிஷார் கைக்குப் போகும்வரை இரண்டும் கெடாதான். ஃபெரியில் நின்று வடக்கே பாருங்கள். மேகம் இல்லாத காலையில் 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு முதலில் தெரிந்ததும் அதுவே. அந்த மலையைக் குறிவைத்துத்தான் கப்பல்கள் மெர்போக் ஆற்று முகத்தில் நுழைந்தன. இன்று செம்பனை நிற்கும் மண்ணில் அன்று படகு கட்டினார்கள்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு ஜூலையில் எத்தனை ஆயிரம் தமிழர்கள் போகிறோம்! அதே வளாகத்தில் செரோக் தோக் குன் பாறை இருக்கிறது. பல்லவ எழுத்தை ஒத்த, 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு எழுத்துகள் அதில் வெட்டப்பட்டுள்ளன. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்புகிறோம், பாறைப் பக்கம் போவதில்லை. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி செபராங் பிறையில் இன்னொரு கல்லைக் கண்டெடுத்தார். செம்மண் நாட்டு மகாநாவிகன் புத்தகுப்தன், 5ஆம் நூற்றாண்டில், பயணம் நலமாக முடிய வேண்டி வெட்டுவித்த கல். ஒரு தூபியின் உருவமும் அதில் உண்டு. அது கல்கத்தா போய்ச் சேர்ந்தது. அங்கே பத்திரமாக இருக்கிறது. ஆனால் கண்டெடுத்த மண்ணில் அதைப் பற்றித் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

செபராங் பிறையின் வடகோடியில் குவார் கெப்பா. 5,000 ஆண்டுகளுக்கு முன் கடலோரம் வாழ்ந்தவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்த இடம். அந்த மேடுகளைச் சுண்ணாம்பு சுடுவதற்காக அள்ளித் தீர்த்தார்கள். 1930களில் தோண்டியெடுத்த எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயின. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது, 2017 ஏப்ரலில் காட்சிக்கூடத்துக்காக வேலை செய்த இடத்தில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. பினாங்குப் பெண் என்று பெயர் வைத்தார்கள். அவள் தமிழச்சி இல்லை. நம் மொழி, நம் கோயில் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுக்காகவும் நாம் நிற்க வேண்டும். நமக்கு உறவென்றால் மட்டும் குரல் கொடுப்பவர்கள் என்று பேர் எடுத்துவிட்டால், நாளை சண்டிக்காகப் பேசும்போது அண்டைவீட்டு மலாய்க்காரரும் சீனரும் ஏன் நம்மோடு நிற்பார்கள்?

லைடன் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடாரம் என்ற இந்தக் கெடாவின் அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்த செப்பேடுகளும் அதே லைடனுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. அந்த விகாரையின் எச்சமாகக் கருதப்பட்ட செங்கற் கோபுரம் நாகையில் நெடுங்காலம் நின்றது. கடலிலிருந்து பார்த்தாலே தெரியும். 1867இல் அனுமதி வாங்கி அதை இடித்தார்கள். அக்கரையில் கடாரத்தான் கட்டியது 1867இல் போயிற்று. இக்கரையில் கடாரத்து மண்ணில் நின்றது 2013இல் போயிற்று. கடலின் இரண்டு கரையிலும் இதே கதை என்றால், மிச்சத்தையாவது யார் பார்த்துக்கொள்வது?

ராஜேந்திரன் 1025இல் கடாரம் வென்றதன் ஆயிரமாவது ஆண்டு இப்போதுதான் கடந்தது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நினைவு நாணயமே வெளியிட்டார்கள். நம் கைப்பேசிக் குழுக்களில் புலிக்கொடி பறந்தது. எனக்கும் மெய்சிலிர்த்தது, மறைக்கவில்லை. ஆனால் வென்ற ஊரில்தான் நாம் குடியிருக்கிறோம் தோழர்களே. படையெடுப்பு ஒரு பருவத்துக் கதை. அதற்கு முன்னும் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் வணிகனும் கொல்லனும் பிக்குவும் வந்து போய், தங்கி, கட்டி, கலந்து வாழ்ந்த ஊர் இது. பட்டினப்பாலை பேர் சொல்லும் காழகம் கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். அந்தப் பேருக்குச் சொந்தமான மண்ணில் ஒரு செங்கல் பெயர்ந்தால், முதலில் ஓடிவர வேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கும் நாம்.

தமிழ்நாட்டின் கீழடியைப் பாருங்கள். மூன்று கட்டத்தோடு அங்கே அகழாய்வு முடிந்துவிடும் என்ற நிலை வந்தபோது வழக்குப் போட்டார்கள், கூட்டம் கூட்டமாகப் போய்க் குழிக்கரையில் நின்று பார்த்தார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். நான்காம் கட்டத்தை மாநிலத் தொல்லியல் துறை கையில் எடுத்தது. 2023இல் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. ஊர் கண் வைத்த இடத்தில் கை வைக்க எவனுக்கும் தயக்கம் வரும்.

நம்மிடம் மட்டுமே இருக்கிற ஒரு சொத்து உண்டு. கெடா தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள், புல் வெட்டியவர்கள், கான் தோண்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். எந்த நிரையில், எந்த மேட்டில் மண்வெட்டி செங்கல்லில் மோதியது என்பது அவர்களுக்குத் தெரியும். "பேய்க்கோயில் மேடு" என்று சொல்லிப் பிள்ளைகளைத் துரத்திய இடங்கள் அவர்கள் நினைவில் இருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிந்து, அவர்கள் இன்று அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை குறைகிறது. போன தையில், பிறகு பேசலாம் என்று நான் தள்ளிப்போட்ட ஒரு தாத்தா மாசியில் போய்விட்டார். அவரோடு எந்த மேடு போயிற்றோ!

ஆகவே, இந்த மாதமே தொடங்குவோம். பெரியவர்களைக் கண்டு பேசி, குரலைப் பதிவு செய்யுங்கள். காட்டும் இடத்துக்குப் போய்ப் படம் எடுங்கள், கைப்பேசியில் இருப்பிடப் புள்ளியைக் குறியுங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். எதையும் தோண்டாதீர்கள், ஒரு சில்லைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். இடம் பெயர்ந்த சில்லுக்கு வாய் இல்லை. செங்கல்லுக்குக் குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்தவும் வேண்டாம். பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றே அது வழிபாட்டுத் தகராறாகிவிடும், தொல்லியலார் உள்ளே நுழைய முடியாது. பழம்பொருள் என்று கருதத்தக்க ஒன்று கண்ணில் பட்டால் பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஓர் இடத்தைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம் என்பதும் அதே சட்டம். "யார் வேண்டுமானாலும்" என்றால் நானும் நீங்களும்தான். மனுவை மலாய் மொழியில், ஆதாரத்தோடு, மரியாதையாக எழுதுவோம். நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புவோம். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புவோம். ஆசிரியத் தோழர்கள் வகுப்புக்கு ஒரு பயணத்தை மெர்போக்குக்கு மாற்றுங்கள். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் திருவிழா மேடையில் கால் மணி நேரம் கொடுங்கள்.

வரும் ஞாயிறன்று முதல் ஃபெரியில் புறப்படுகிறோம். அக்கரையில் இரண்டு வேன் நிற்கும். நோட்டுப் புத்தகம், அளவு நாடா, குடிதண்ணீர், முழங்கால் வரை சப்பாத்து கொண்டுவாருங்கள். புல்லில் அட்டை இருக்கும். சுங்கை பட்டாணியில் ஒரு பாட்டி காத்திருக்கிறார். வயது 84. சிறுமியாக அம்மாவோடு பால் சேர்க்கப் போனபோது பார்த்த செங்கல் சுவர் ஒன்றைக் காட்டுகிறேன் என்கிறார். வெயில் ஏறிவிட்டால் அவரால் நடக்க முடியாது. நேரத்துக்கு வந்துவிடுங்கள்.