கொடுங்கையூர் மண்ணை யார் சோதிப்பது?

வடசென்னையின் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் மலையாகக் குவிந்த பழைய குப்பையை அகழ்ந்து, சலித்து, பிரித்து அகற்றும் ‘பயோமைனிங்’ பணியைச் சென்னை மாநகராட்சி மேற்கொண்டுள்ளது. சுமார் 252 ஏக்கர், 66 லட்சம் டன் குப்பை, 640 கோடி ரூபாய் என்பது இத்திட்டத்தின் அளவு. இத்தகைய திட்டங்களின் வெற்றி இரண்டு எண்களால் அளக்கப்படுகிறது: அகற்றிய டன், மீட்ட ஏக்கர். பல பத்தாண்டுகளாகக் கழிவுநீர் கசிந்து இறங்கிய மண்ணிலும் நிலத்தடி நீரிலும் என்ன எஞ்சியுள்ளது என்பது இந்த அளவுகோலுக்குள் வருவதில்லை.

மாசடைந்த நிலங்களை ஆராய்வதற்கென ஒன்றிய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். 90 நாட்களில் முதற்கட்ட மதிப்பீடும், அதன்பின் விரிவான ஆய்வும் நடைபெற வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். அவரால் இயலாதபோது ஒன்றிய, மாநில அரசுகள் நிதி தர வேண்டும். விதிகள் வந்த வேளையில் நாடு முழுவதும் 103 மாசடைந்த இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. அவற்றுள் ஏழில் மட்டுமே சீரமைப்புத் தொடங்கியிருந்தது.

ஆனால் இவ்விதிகள் திடக்கழிவுக் கிடங்குகளுக்குப் பொருந்தாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. குப்பையோடு கலந்த நச்சுப்பொருளின் அளவு வரையறுக்கப்பட்ட எல்லையைக் கடந்தால், அந்த இடமும் இவ்விதிகளின்கீழ் வந்துவிடும். எல்லை கடந்திருக்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். சோதனைக்கு நிதி ஒதுக்காவிட்டால் நச்சு இருந்தும் சட்டத்தின் கண்ணுக்கு அது இல்லை. ஆகவே மதிப்பீட்டுக்கான நிதியே இங்கு உரிமையின் வாசல்.

இதில் இன்னொரு சிக்கலும் உள்ளது. ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாட்டை 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. அங்கே எதிரில் நின்றவை ஆலைகள். கொடுங்கையூரில் குப்பையைக் கொட்டியது மாநகராட்சியே. மீட்கப்படும் நிலத்தை ஆளப்போவதும் அதுவே. நச்சு கண்டறியப்பட்டால் செலவு கூடும், நிலப் பயன்பாடு தள்ளிப்போகும். அந்த அமைப்பே சோதனையையும் முடிவு செய்யுமானால், அதன் நடுநிலையை மக்கள் எப்படி நம்புவது?

நகரத்தின் கழிவு எங்கே கொட்டப்படும் என்பதைச் சாதியும் வறுமையும் சேர்ந்தே தீர்மானித்துள்ளன. கிடங்கைச் சுற்றி வாழ்வோரும், குப்பையைக் கிளறிப் பிழைப்போரும் பெரும்பாலும் தலித் மக்களும் பிற உழைக்கும் ஏழைகளுமே. இப்போது அந்நிலத்தின் மதிப்பு உயரும் நேரம். கூவம், அடையாறு கரைகளைச் சீரமைப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய வரலாறு நம் முன் உள்ளது. நஞ்சைச் சுமந்தவர்களை, நஞ்சு நீங்கும் நாளில் வெளியேற்றுவது தூய்மைப் பணியாகாது.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். குப்பை அகற்றும் ஒவ்வொரு திட்டத்திலும் மண், நிலத்தடி நீர், சுற்றுவாழ் மக்களின் உடல்நலம் ஆகியவற்றைச் சுதந்திரமான நிறுவனம் ஆராய்வதற்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் வெளியிட்டு, குடியிருப்புகளிலேயே விளக்க வேண்டும். அதுவரை நிலப் பயன்பாடு குறித்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. வாழ்வாதாரமும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 1985ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு கூறியது. குப்பை பொறுக்கி வாழ்வோரின் மாற்று வேலையும், அங்குள்ளோரின் குடியிருப்புரிமையும் திட்ட ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும்.

விதிகளின்படி முதல் பட்டியல் மாவட்ட நிர்வாகத்திடமிருந்தே தொடங்குகிறது. ஆகவே கொடுங்கையூரையும் பெருங்குடியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கோரி ஆட்சியரிடம் மனு அளிப்போம். இதுவரை எடுத்த மண், நீர் மாதிரிகளின் முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்போம். பூங்காவா, மின்நிலையமா என்ற விவாதம் அதன் பிறகு நடக்கட்டும்.