53 விநாடியும் 9 மணி நேரமும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம். அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு குட்டித் தீவுகள். நடுவில் 2.7 கிலோமீட்டர்தான். 1967-லிருந்து லோகன்ஏர் விமானம் பறக்கிறது. டைம்டேபிளில் 2 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். காற்று தள்ளிவிட்ட ஒரு நாளில் 53 விநாடியில் இறங்கியிருக்கிறார்கள்!

இதைப் படித்ததும் எனக்கு எங்க ஊர்க் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பலாலி ஞாபகம் வந்தது. யாழ்ப்பாண விமான நிலையம் அங்கேதான். மேப்பில் அளந்து பார்த்தேன். மீமிசலில் இருந்து நேர்கோட்டில் 100 கிலோமீட்டர் சொச்சம். ஆச்சரியம் என்னவென்றால் திருச்சி விமான நிலையமும் எங்களுக்கு அதே தூரம்தான். ஆனால் கிழக்கே இருக்கிற பலாலிக்குப் போக, முதலில் வடமேற்கே திருச்சிக்குப் போகணும் :-)

2025 மார்ச் 30-ல் இண்டிகோ திருச்சி-யாழ்ப்பாணம் விமானத்தைத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டாங்க: "ஒரு மணி நேரம்தானாமே தம்பி, காலைல போயிட்டு ராத்திரிக்கு வந்துடலாமா?" அவங்க அக்கா வாக்கப்பட்டுப் போனது பருத்தித்துறைக்கு. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு 40 வருஷத்துக்கு மேலாச்சு.

நான் காமர்ஸ் ஆள், உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று பஸ் மாறிப் போக மூன்றரை மணி. (விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் திருச்சி ஊருக்குள் போக வேண்டாம், அது ஒரு லாபம்.) வெளிநாட்டு விமானம் என்பதால் 3 மணி நேரம் முன்னாடி. விமானம் ஒரு மணி. குடிவரவு, பெட்டி எல்லாம் அரை மணி. பலாலியிலிருந்து பருத்தித்துறைக்கு ஒரு மணி. ஆக 9 மணி நேரம்!

திருச்சி-பலாலி வான்வழி 180 கிலோமீட்டர் சொச்சம். ஏ.டி.ஆர். விமானம் முழு வேகத்தில் போனால் அரை மணிகூட ஆகாது. மிச்ச நேரம் ஓடுபாதைக்கு உருள, ஏற, இறங்க. அக்கவுண்டன்சியில் நிலையான செலவு என்று படிக்கிறோமே, அதுதான் இது. தூரம் குறைந்தாலும் அது குறையாது. அதனால் "ஒரு மணி நேரத்தில் யாழ்ப்பாணம்" என்பது எங்க மாதிரி ஊர்க்காரங்களுக்குப் பாதிப் பொய்.

ஆர்க்னியில் ஒரே நாடு, எட்டுப் பேர் விமானம், பாஸ்போர்ட் வேலை கிடையாது. இங்கே நடுவில் எல்லை இருக்கிறது, சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு மணி நேர துபாய்ப் பயணத்துக்கும் இதற்கும் ஒரே 3 மணி நேரக் காத்திருப்பு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சின்ன விமானத்துக்குத் தனி வரிசை வைத்து ஒன்றரை மணியில் முடிக்கலாமே? விமான நேரத்துக்குத் தோதாக அறந்தாங்கியிலிருந்து ஒரு நேர் பஸ் விட்டால் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம்.

நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பலும் இருக்கே என்பீர்கள். 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, ஒரு வாரத்திலேயே மழைக்காலம் என்று நிறுத்தி, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி விட்டார்கள். கடலில் மட்டும் 4 மணி நேரம். முட்டிவலிக்காரப் பெரியம்மாவுக்கு அது சரிப்படாது.

ஒரே நாளில் திரும்ப முடியாது, ரெண்டு நாளாவது தங்கணும் என்றேன். "ரெண்டு நாள் எதுக்கு, ஒரு மாசம் இருந்துட்டு வரேன்"னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம்.