மிச்ச வாடகை

மான்செஸ்டருக்கு வேலைக்கு வந்த முதல் ஆண்டு. பீக் மாவட்ட மலைகளில் நாள் முழுக்க நடந்து, மழையில் தொப்பலாக நனைந்து ஒரு யூத் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பொதுச் சமையலறையில் பருப்புச் சோறு ஆக்கிச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்தேன். பக்கத்தில் நின்ற எழுபது வயது அம்மா என் கையில் ஒரு துணியைக் கொடுத்தார். "நான் கழுவுறேன், நீ துடை, லவ்" என்றார். வடக்கு இங்கிலாந்தில் முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்று கூப்பிடுவது உண்டு. கண்டித்து ஒரு சொல் இல்லை. அந்தப் பாடம் இன்றுவரை மறக்கவில்லை.

பிரிட்டனில் ஹோட்டல் அறைக்குக் கொடுக்கும் காசு கையைக் கடிக்கும். அங்கே சாதாரண மக்கள் ஊர் சுற்றிப் பார்க்க முடிந்ததற்கு யூத் ஹாஸ்டல் என்னும் இந்த விடுதிகள் பெரிய காரணம். இங்கிலாந்து, வேல்ஸுக்கான விடுதிச் சங்கம் 1930-இல் தொடங்கியது. அப்போது ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங். நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்கே இடம். காலையில் கிளம்புமுன் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது: கூட்டுவது, உருளைக்கிழங்கு உரிப்பது, விறகு அடுக்குவது. வாடகையில் ஒரு பகுதியைக் காசாகக் கொடுத்தார்கள். மிச்சத்தை உழைப்பால் கொடுத்தார்கள்.

மலையேறும் உரிமையும் சும்மா வரவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ரோத்மன் என்ற 20 வயது இளைஞர் முன்னே செல்ல, சில நூறு பேர் நிலப்பிரபுக்களின் தடையை மீறி பீக் மாவட்டத்தின் கிண்டர் ஸ்கௌட் மலையில் ஏறினார்கள். பெரும்பாலும் தொழிலாளர்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதே பீக் மாவட்டம்தான் 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது.

ஸ்காட்லாந்து மலைகளில் 'பாத்தி' என்று கல் குடிசைகள் உண்டு. பூட்டு இல்லை, வாடகை இல்லை, மின்சாரம் இல்லை. 1965-இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் தொண்டர்கள் அவற்றில் பலவற்றைப் பழுதுபார்த்துக் காக்கிறார்கள். வருபவர் செய்ய வேண்டியது: குப்பையைத் திரும்பச் சுமந்து போவது, தீயை அணைப்பது, அடுத்து வருபவருக்குக் காய்ந்த விறகு வைப்பது, கதவைச் சாத்துவது. யார் வருவார் என்று தெரியாது. அவருக்காக விறகு காத்திருக்கும்.

இந்த இடங்களில் யாரும் என் வேலையையோ சம்பளத்தையோ கேட்டதில்லை. "இன்று எங்கிருந்து நடந்தீர்கள், நாளை எந்தப் பக்கம்?" இதுதான் கேள்வி. வக்கீலும் கொத்தனாரும் ஒரே அறையில் மேல்கட்டில், கீழ்கட்டிலில் படுக்கிறார்கள். கிளம்புபவர் மீந்த அரிசியையும் தேயிலையையும் பொது அலமாரியில் விட்டுப் போகிறார். மலிவான இடம் என்பதற்காக யாருக்கும் மரியாதை குறைவதில்லை.

அந்த விடுதி ஏற்பாடு இப்போது ஆட்டம் காண்கிறது. விடுதிச் சங்கம் 2023-இல் 20 விடுதிகளை விற்கப் போவதாக அறிவித்தது. செலவு கூடியது உண்மை. சங்கத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் மலையடிவார விடுதி ஒன்று கைமாறினால், சம்பளம் குறைந்த குடும்பத்துப் பிள்ளை அந்த மலையில் விடியலைப் பார்க்கும் வாய்ப்பும் போகிறது.

காலப்போக்கில் கைவிட்ட அந்தக் காலை வேலையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பது என் கருத்து. அரை மணி நேரம் கூட்டிக் கழுவித் தருபவருக்கு வாடகையைக் குறைக்கட்டும். அதனால் மட்டும் ஒரு விடுதியின் கணக்கு நேராகிவிடாது. ஆனால் தான் கூட்டிய இடத்தை விற்கப் போகிறார்கள் என்றால் ஒருவர் பேசாமல் இருக்க மாட்டார். துடைப்பத்தைக் கொடுத்தால் முதல் ஆளாக நான் வாங்கிக்கொள்வேன்.