விபத்தில் காயமுற்றோரின் வழக்குச் செலவு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், விபத்தில் காயமுற்றோர் சங்கம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 159-இன்படி விபத்து அறிக்கைகளைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள் (பதில் இல்லை).

ஐயா,

சாலை விபத்தில் உறுப்பையோ பிழைப்பையோ இழந்தவர்களே எங்கள் உறுப்பினர்கள்.

முதல் மனுவில் எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம். இழப்பீடு கேட்பதற்கே கையில் காசு வேண்டியிருக்கிறது. காலில் கம்பி வைத்துப் படுத்திருக்கும் சுமைதூக்கும் தொழிலாளி, முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் அத்தனையையும் ஆள் வைத்துத் திரட்ட வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆட்டோ வாடகை. துணைக்கு வரும் மனைவியின் கூலியும் போய்விடும். ஊனத்தின் அளவைச் சொல்ல மருத்துவர் சாட்சிக் கூண்டு ஏற வேண்டுமானால் அதற்கும் பணம். இந்தச் செலவுக்கு வழியில்லாதவரைத் தேடித்தான் புரோக்கர் வார்டுக்குள் வருகிறார். எழுதாத வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, கிடைக்கப்போகும் தொகையில் பங்கு பேசுகிறார். அப்படிப் பங்கு பேசக் கூடாது என்று வழக்கறிஞர்களையே பார் கவுன்சில் விதிகள் தடுத்திருக்கின்றன.

அடுத்த மனுவில் சட்டத்தையே எடுத்துக் காட்டினோம். பிரிவு 159-இன்படி காவல் அலுவலர் விபத்துத் தகவல் அறிக்கையை மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பிரிவு 166(4)-இன்படி அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாகக் கொள்ள வேண்டும். முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கை 90 நாளுக்குள்ளும் போக வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை நிறைவேற்றுமாறு உத்தரவிட்டது. அறிக்கை போய்ச் சேர்ந்தாலே வழக்குத் தொடங்கிவிடும்; ஏழை முதல் ரூபாயைக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் உறுப்பினர்கள் நிலையத்தில் கேட்டால் கிடைக்கும் பதில், "வக்கீல் வச்சுப் பாத்துக்குங்க." சட்டம் காவல்துறைக்குக் கொடுத்த வேலையைக் காயம்பட்டவர் தலையில் கட்டுவது எந்த வகையில் நியாயம்?

ஆகவே, ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் அனுப்பப்பட்ட அறிக்கைகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடவும், அனுப்பாத அலுவலரிடம் விளக்கம் கேட்கவும் ஆணையிட வேண்டுகிறோம்.

மேலும்: அறிக்கைகளின் நகல் காயமுற்றவருக்குக் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12-இன்படி இலவச சட்ட உதவிக்கு உரியவர் யார் என்ற அறிவிப்பு அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் வைக்கப்பட வேண்டும். தீர்ப்பாய வாயிலில் சாய்தளம் அமைக்கப்பட வேண்டும்.

இம்மனுவுக்காவது எழுத்துமூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்